இருபத்துநாலாம் தேதி தீர்ந்த டீத்தூள்

மரம் பச்சையாக இருந்தால் உங்களுக்கெல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி. அரியலூரில் எங்கள் தெருக்காரர்களுக்கு அது பயமுறுத்துகிற காட்சி. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் போகிற சாலை எங்களுடையது. சாலையோரத்துப் புளியும் வேம்பும் மாவில் புரட்டி எடுத்தது போல வெளுத்து நிற்கும். கொடியில் காயும் துணி, மாட்டின் முதுகு, தண்ணீர்க் குடத்தின் விளிம்பு, எல்லாவற்றிலும் ஒரு பூச்சு இருக்கும். சட்டைக் காலரைத் தடவிப் பார்த்தே எந்தத் தெருப் பிள்ளை என்று டீச்சர் சொல்லிவிடுவார். அந்தத் தூசியைத் திட்டாத ஆள் கிடையாது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆனி மாசம், ஒரு சொட்டு மழை இல்லாத நாட்களில், வீட்டுக்கு எதிரே இருந்த வேப்பமரம் பச்சையாகத் தெரிய ஆரம்பித்தது. அப்பா பல் துலக்குவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா?" என்றேன்.

"வண்டி ஓடலம்மா" என்றார்.

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் விலைவாசிப் பேச்சுத்தான் பேசுகிறோம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், எண்ணெய் விலை, கணவருக்கு வேலை நிலைக்குமா என்கிற கவலை. நான் அந்தப் பேச்சில் அதிகம் கலந்துகொள்வதில்லை என்று ஒரு தோழி குறைப்பட்டாள். பேசாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரி எடை போடுகிற வேலை. காலி லாரி மேடையில் ஏறும்போது ஓர் எடை, கல்லோடு வரும்போது ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் லோடு. அதைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். கல் இறங்குகிற சிமெண்ட் ஆலையில் இன்னொரு தடவை எடை போடுவார்கள். அங்கே குறைந்தால் டிரைவர் தலை உருளும். "என் சீட்டுல தப்பு வராது. குறைஞ்சா வழியில எவனோ எறக்கியிருக்கான்னு அர்த்தம்" என்பது அப்பா அடிக்கடி சொல்கிற வாக்கியம். பெருமையாகத்தான் சொல்வார்.

கட்டடம் கட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டுவிட்டார்கள், சிமெண்ட் மூட்டை கிடங்கிலேயே கிடந்து கல்லாகிறது என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். வாரம் ஆறு நாள் இருந்த வேலை நாலு நாளானது. சம்பளமும் அதற்குத் தக்கபடி. அதே சமயம் கடையில் எல்லாம் ஏறிக்கொண்டே போனது. வருமானம் இறங்குவதும் விலை ஏறுவதும் ஒரே வருஷத்தில் எப்படி நடக்கும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போதும் முழுசாகப் புரியவில்லை.

வீட்டில் யாரும் எதையும் அறிவிக்கவில்லை. சின்னச் சின்னதாக நடந்தது. அவித்த முட்டையை அம்மா தையல் நூலால் இரண்டாக அறுத்தாள். கத்தியால் அறுத்தால் மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டு வீணாகுமாம். பேப்பர் நின்றது, அப்பா சலூனில் போய்ப் படித்தார். என் பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கினாள். பிரித்த இடத்தில் பழைய நீலம் ஒரு பட்டையாக நின்றது. பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போனது நடையானது. வெங்காயம் விளைகிற பெரம்பலூர் கூப்பிடுதூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த வருஷம் வெங்காயம் தாளிக்கும்போது அம்மா சன்னலைச் சாத்திக்கொள்வாள். வாசனை போனால் பக்கத்து வீட்டிலிருந்து "ரெண்டு வெங்காயம் இருந்தாக் குடுங்கக்கா" என்று யாராவது வந்துவிடுவார்களாம். துணி சோப்பின் நடுவில் திடீரென்று ஒரு குழி வந்தது. கைக்கு வாகாகப் பிடிக்க என்று கடைக்காரர் சொன்னார். நாங்கள் நம்பினோம். குழி வந்த சோப்பு சீக்கிரம் கரைந்தது.

வீட்டில் நாலு பேர்: அப்பா, அம்மா, நான், அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. ஆண்டிமடத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமா கொத்தனார் வேலைக்குக் கேரளா போனார். முதல் வருஷம் கடிதம் வந்தது. அடுத்த வருஷம், அங்கே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்ற சேதி வந்தது. பிள்ளை இல்லை. மாமாவின் அண்ணன் வீட்டில் அவளை முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார வைத்தார்கள். கூலி கிடையாது, சோறு மட்டும். கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்துபோகும். பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு அவள் வந்தபோது விரல்கள் கருத்து, உரிந்து, நுனியில் வழவழவென்று இருந்தன. பத்து நாள் இரண்டு வருஷமானது. ஒரு நாள் என் மைப்புட்டியில் கட்டைவிரலைத் தோய்த்து என் கணக்கு நோட்டில் பதித்தாள்.

"பாரு பாப்பா, ரேகை வந்துடுச்சு! இனிமே நான் யாருன்னு கவர்மெண்டே கேட்டாலும் சொல்லலாம்."

நோட்டைக் கெடுத்ததற்கு எனக்குத்தான் திட்டு விழுந்தது.

அவளுக்கு எல்லாமே விளையாட்டுத்தான். ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. "அந்த வூட்டுக்குத் திரும்பிப் போறதும் ஒண்ணு, கெணத்துல குதிக்கிறதும் ஒண்ணு. கெணத்துலயாவது தண்ணி இருக்கும்" என்று சொல்லிச் சிரிப்பாள். ஆனால் மாமாவின் அண்ணன் வீட்டிலிருந்து யாராவது வந்திருக்கிறார்கள் என்றால் சமையல்கட்டை விட்டு வெளியே வரமாட்டாள்.

சமையல்கட்டு அவள் பொறுப்பில் இருந்தது. மாதம் பிறந்ததும் கடையிலிருந்து வருகிற சாமான்களைப் பிரித்து டப்பாக்களில் கொட்டுவது அவள். டீத்தூள் இரண்டு பாக்கெட், சிவப்புக் காகிதத்தில், மூலையில் ஒரு மான்குட்டி போட்டது. காலையில் மூன்று பேருக்கு, சாயங்காலம் மூன்று பேருக்கு டீ. அத்தை எங்கள் டீயைக் குடிக்க மாட்டாள். எங்களுக்கு வடிகட்டிக் கொடுத்தபிறகு அந்தச் சக்கையிலேயே வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, வெல்லத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பாள். பால் டீ வாயில் ஒட்டுகிறது என்பாள். சும்மா சொன்னாளா, நிஜமாகவே அப்படியா, தெரியாது.

ஆகஸ்ட் மாசம் இருபத்துநாலாம் தேதி காலையில் டப்பா காலியாக இருந்தது.

"என்ன, டீ வரல?" என்று அம்மா கேட்டாள்.

"தூள் தீந்துடுச்சு அண்ணி."

"இன்னிக்கு என்ன தேதி?"

"இருவத்துநாலு."

"எப்பவும் மாசக் கடைசி வரைக்கும் வர்ற தூள் இந்த மாசம் மட்டும் எப்புடித் தீரும்?"

"அதான் எனக்கும் தெரியல. எலி டீ குடிக்கப் பழகிடுச்சோ என்னமோ. பாலுக்கு நம்மகிட்டதான வரணும், அப்பப் புடிச்சுக்கலாம்."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. மாசக் கடைசிக்காகச் சில்லறையாகக் கொஞ்சம் தூள் வாங்கிவந்தாள். அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். சோப்பையும் சேர்த்துச் சொன்னாள். அப்பா நிதானமாகக் கேட்டார். ரொம்ப யோசிக்கவில்லை.

"உள்ள வந்த எடை நமக்குத் தெரியும். பாக்கெட்டுலயே போட்டிருக்கான். செலவாவுற எடையும் தெரியும். நடுவுல கொறைஞ்சா வழியில எறங்குதுன்னுதான அர்த்தம்?"

அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு அது. முதல் எடையில் தப்பு இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முதல் எடைச் சீட்டு எழுதுகிற ஆள் அல்லவா அவர்.

குவாரி வாசலில் செக்கர் என்று ஒருவர் நிற்பார். லாரிக்குள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினால்தான் வண்டி வெளியே போகும். அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீதான் நம்ம வூட்டு செக்கரு. அத்தை என்ன எடுக்குது, எங்க வெக்குதுன்னு பாத்துச் சொல்லு. அத்தைக்குத் தெரியக் கூடாது" என்றார். அப்பா எனக்குக் கொடுத்த முதல் வேலை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அத்தைக்கு அரை நாளில் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூட வைக்காமல் அடுப்புப் பக்கம் நின்றால் தெரியாதா? கரண்டியில் தூளை எடுத்து, விரலால் தலைதட்டி, என் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

"செக்கரம்மா, பாத்துக்கங்க. லோடு சரியா? வண்டி போகலாமா?"

"போகலாம்" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். சிரித்து முடித்துவிட்டு உள்ளே போய், இன்று ஒரு கரண்டிதான் போட்டாள், கொஞ்சம் கோபுரமாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்வேன்.

செப்டம்பரில் அம்மாவின் பேச்சு மாறியது. நேராக எதுவும் கேட்கமாட்டாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "சில பேரு கை பட்டாலே பண்டம் கரையுது" என்பாள். அத்தை டப்பாவைத் திறந்து காட்டினால், "எங்கிட்ட எதுக்குக் காட்டுற? நான் என்ன போலீஸா?" என்பாள். அத்தைக்குச் சோறு போடும்போது கரண்டி ஒரு நொடி நிற்கும். நின்றுவிட்டுத்தான் விழும். "போதும் அண்ணி" என்று அத்தை சொல்கிறவரை நிற்கும். அத்தை சீக்கிரமே சொல்லப் பழகிக்கொண்டாள்.

என் அம்மா கெட்டவள் இல்லை. அதை இங்கே சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டு போகிறவள். அந்த வருஷம் அவள் இரண்டு கன்னமும் உள்ளே போயிருந்தது. பசியில்லை என்று தினமும் சொன்னாள். தான் சாப்பிடாமல் மிச்சம் பிடிக்கிறதை இன்னொருத்தி எடுத்துக்கொண்டு போகிறாள் என்று ஒருத்தி நம்பிவிட்டால் அவள் என்னவாக ஆவாள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இன்று என் வீட்டில் எதுவாவது சீக்கிரம் தீர்ந்துபோனால் நான் வாயைத் திறப்பதில்லை. "யார் எடுத்தது?" என்று கேட்டுவிடுவேனோ என்ற பயம். பேசாமல் போய் இன்னொன்று வாங்கி வந்துவிடுவேன். பிள்ளைகளுக்கு நான் தாராளமானவள் என்று நினைப்பு.

அந்தச் செப்டம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வெயில் படுகிற இடத்தில், ஒரு பழைய முறம். அதில் கறுப்பாக ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலம். பிரித்து மோந்தேன். டீத்தூள்.

துணியை எடுக்காமலே கீழே ஓடினேன். செக்கருக்கு ஒரு லாரி மாட்டியது போல.

"அப்பா! அத்தை மாடியில டீத்தூள ஒளிச்சு வெச்சிருக்கு!"

அப்பா மேலே போய் முறத்தையும் பொட்டலத்தையும் எடுத்துவந்து நடு வீட்டில் வைத்தார். அத்தை கொல்லையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். பார்த்ததும் அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. திருடி மாட்டியவளின் முகம் அது இல்லை. பாவாடையில் ஓட்டை இருப்பதை யாரோ பார்த்துவிட்டது போன்ற முகம்.

"அது சக்கைண்ணே. காயவெச்சு, நல்ல தூளோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்தேன். மாசக் கடைசி வரைக்கும் வரணும்ல. இல்லாட்டி அண்ணி என்னையத்தான..."

"ஆக, எங்களுக்குச் சக்கையப் போட்டுக் குடுத்திருக்க" என்றாள் அம்மா.

"கொஞ்சந்தான் அண்ணி."

"அப்ப நல்ல தூளு எங்க போச்சு? எவளுக்குக் குடுத்த?"

அத்தை ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். தூள் ஏன் பற்றவில்லை என்பது அவளுக்கும் தெரியாது. ஒட்டுப்போடப் போய், தானே கிழித்தவள் போல நின்றாள். அப்பா முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கணக்கு முழுசாகிவிட்டது. குறைந்த எடையை மறைக்க டிரைவர்கள் லோடில் மண்ணைக் கலப்பார்கள். அவர் அதையெல்லாம் எத்தனை பார்த்திருப்பார்.

"நீ ஆண்டிமடத்துக்கே கெளம்பு" என்றார்.

அத்தை முதலில் சிரித்தாள். அது விளையாட்டு என்று நினைத்திருப்பாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"டீத்தூளுக்காண்ணே? ஒரு டீத்தூளுக்கா?"

அப்பா பொட்டலத்தை மறுபடி மடித்தார்.

"அங்க என்னைய என்ன செய்வாங்கன்னு உனக்குத் தெரியும்ல? நான் சோறு ஒருவேளை தின்னுக்கிறேன். கொல்லையில படுத்துக்கிறேன். சமையக்கட்டுக்கே வரல. அண்ணி, சொல்லுங்க அண்ணி."

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தை என்னைப் பார்த்தாள். நான் அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வீட்டில் வைத்திருந்த தங்கையைத் திருப்பி அனுப்புவது அண்ணனுக்குத் தலைகுனிவு. சோறு போட முடியவில்லையா என்று ஊர் கேட்கும். அதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். மாமாவின் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று வரிதான். எழுதும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். 'தங்கச்சிக்குக் கை கொஞ்சம் நீளமாக இருக்கிறது. பெண்பிள்ளை வளர்கிற வீடு. தாங்கள் கண்டித்து வைத்துக்கொள்ளவும்.' உறையில் போட்டு, சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டி, அத்தையிடமே கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கிளம்புகிற அன்று காலை, அம்மா அவளுடைய பையைத் திறந்து ஒவ்வொரு துணியாக உதறினாள். மூன்று புடவை, ஒரு சீப்பு, ஒரு போர்வை. அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதறிய துணிகளை அம்மாவே மறுபடியும் அழகாக மடித்து வைத்ததுதான் இன்றும் எனக்கு ஆறாமல் இருக்கிறது. அவ்வளவு அக்கறையாக மடித்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு அப்பாவும் நானும் போனோம். ஜெயங்கொண்டம் வழியாகப் போகிற பஸ் வர நேரமிருந்தது. அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார்.

"வேணாண்ணே. பால் டீ நான் குடிக்கிறதில்லையே" என்றாள் அத்தை.

அப்பா கடைப்பக்கம் போகவிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த வார்த்தை அவருக்குள் எங்கேயாவது போய் விழுந்ததா? விழுந்தது என்றுதான் நினைக்கிறேன். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் அத்தை சன்னல் வழியாக என் கன்னத்தைக் கிள்ளினாள். "செக்கரம்மா, வண்டி போகலாமா?" என்றாள். நான் தலையாட்டினேன். உண்மையிலேயே, வழக்கம்போல, தலையாட்டினேன்.

அக்டோபரில் அம்மாதான் சாமான்களைப் பிரித்தாள். அம்மாதான் டீ போட்டாள். அதே பாத்திரம், அதே கரண்டி, அதே மூன்று பேர். டப்பாவின் மூடியில் அம்மா கை தவிர வேறு கை படவில்லை.

இருபத்துநாலாம் தேதி டப்பா காலி.

அம்மா அதைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். உள்ளங்கையில் சிட்டிகை தூள் விழுந்தது. அப்பா சட்டை போட்டுக்கொண்டிருந்தார். பொத்தானில் விரல் நின்றது. நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இந்த மாசம் விருந்தாளி வந்துட்டாங்கல்ல" என்றாள் அம்மா.

யாருமே வரவில்லை. "ஆமா" என்றார் அப்பா.

அந்த வாரம் நான் நோட்டில் படம் ஒட்டிக்கொண்டிருந்தேன். டீத்தூள் பாக்கெட்டில் இருக்கிற மான்குட்டியை வெட்டி வெட்டி ஒட்டிச் சேர்ப்பது என் வழக்கம். ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கம் வந்திருந்தது. மான்குட்டியின் காலடியில் பொடி எழுத்தில் எடை போட்டிருக்கும். ஒட்டும்போதுதான் கண்ணில் பட்டது. முதல் பக்கத்து மான்கள் எல்லாவற்றிலும் 250 கிராம். ஆகஸ்டில் ஒட்டியதிலிருந்து 200 கிராம். பாக்கெட் அதே உயரம், அதே சிவப்பு, அதே விலை. மான்கூட அதே மான்.

அப்பாவிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் நாலைந்து தடவை புரட்டினார். எடைச் சீட்டைப் பார்க்கிற அதே முகம். அப்புறம் இரண்டு பக்கங்களையும் நோட்டிலிருந்து கிழித்தார்.

"படிக்கிற நோட்டுல குப்பையெல்லாம் ஒட்டாத" என்றார். வெந்நீர் அடுப்பில் போட்டார்.

"அத்தையக் கூட்டிட்டு வந்துரலாமாப்பா?"

அவர் குச்சியால் அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். அம்மா அரிசிப் பானைக்குப் பக்கத்தில் நின்றபடி பதில் சொன்னாள். "இந்த மாசந்தான் அரிசி மிச்சமாயிருக்கு." அவள் குரலில் கோபம் இல்லை. ஏதோ வயிற்றுவலி நின்றுபோனதைச் சொல்வது போலச் சொன்னாள். அப்பா, "அம்மாகிட்ட இதப் பத்திப் பேசாத" என்றார். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது என்று எழுதினால் பொய். எனக்கு அப்போது பயம் மட்டும்தான் இருந்தது. வீட்டில் நாலு பேர் மூன்று பேரானார்கள். மூன்று இரண்டாக வேண்டி வந்தால், குறைகிற ஆள் நான்தான். அப்பாவையும் அம்மாவையும் விட்டால் நான் ஒருத்திதானே. அதற்குப் பிறகு நானும் "போதும்" என்று சீக்கிரமே சொல்லப் பழகினேன்.

தை வந்தது. தங்கை நம் வீட்டிலேயே இருந்தால் பொங்கல் சீர் கிடையாது. புகுந்த வீட்டில் இருந்தால் அண்ணன் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். அப்பா சீரில் குறை வைக்கவில்லை. பச்சரிசி, வெல்லம், ஒரு ஜோடிக் கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு நூல் புடவை. எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு வாங்கியதைவிட அதிகம். மூன்று பேரும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ஆண்டிமடம் போனோம்.

"வாங்க மச்சான், வாங்க" என்று மாமாவின் அண்ணன் பாய் விரித்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் சீர் பார்க்க வந்து நின்றார்கள். அத்தை முந்திரி உடைக்கிற கொட்டகையிலிருந்து வந்தாள். கையைப் புடவையில் சுற்றி மறைத்திருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "அடேயப்பா, செக்கரம்மாவே நேர்ல வந்துட்டாங்களா" என்றாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

மாமாவின் அண்ணி எங்களுக்கு டீ போட்டாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, தூளை எடுத்துப் போட்டு, மறுபடி பூட்டினாள். "என்ன செய்யிறது மதினி, நீங்க எழுதுனதுலேருந்து எல்லாத்தையும் பூட்டித்தான் வெக்கிறோம்" என்று அம்மாவிடம் சத்தமாகச் சொன்னாள். "கையி கருகினாலும் நீளம் கொறையாதுல்ல!" பக்கத்து வீட்டுக்காரிகள் சிரித்தார்கள். அம்மா கரும்பின் தோகையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

டம்ளர்களை அத்தைதான் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் மூன்று பேருக்கும் கொடுத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே நின்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் சாதாரணமாக, ஊர் சேதி விசாரிப்பது போலக் கேட்டாள்.

"ஏண்ணே, டீத்தூளு இப்ப மாசக் கடைசி வரைக்கும் வருதா?"

அவள் கேட்டது ஒரே ஒரு வார்த்தையை. இல்லை என்று அப்பா சொன்னால் போதும். அந்த அலமாரிச் சாவிக்கும் கொட்டகைக்கும் அர்த்தம் போய்விடும். ஆனால் அப்படிச் சொன்னால், எழுதிய கடிதத்தை அத்தனை பேர் முன்னால் விழுங்க வேண்டும். திரும்பும்போது பஸ்ஸில் நாலு டிக்கெட் எடுக்க வேண்டும். அப்பா டீயை ஆற்றினார். ஆறிய டீயை மறுபடி ஆற்றினார்.

"வருது" என்றார்.

அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பி, குனிந்து, என் கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தாள்.

"செக்கரம்மா, நீங்க சொல்லுங்க. வருதா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள்.

"வருது அத்தை" என்றேன்.

அத்தை நிமிர்ந்தாள். பிறகு சீர்த்தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, பழைய சிரிப்பை அப்படியே சிரித்தாள்.

"அப்ப நான்தான் எடுத்திருக்கேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.